க்ளோவிஸ் ஹட்டோவின் ஆள்காட்டி விரல்

க்ளோவிஸ் ஹட்டோ என் அக்கா மௌரீனின் கணவன். முப்பத்தோரு வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவன். அலபாமாவில் எங்கள் ஏரியில் பாஸ் மீன் பிடிக்கிற யாரைக் கேட்டாலும் அவனைப் பற்றி ஒரே குறைதான் சொல்வார்கள்: வாயை மூடமாட்டான். பெட்ரோல் பங்கில் யார் வண்டிக்குப் பின்னால் படகு நின்றாலும் போய் நின்றுகொண்டு பிரசங்கம் பண்ணுவான்.

"முடிச்சப் போட்டு எச்சி தடவித்தானே இறுக்கினே? காய்ஞ்ச தங்கூசி நரம்ப இறுக்கினா உரசுற சூட்டுல கெட்டுப் போயிரும்யா. பெரிய மீன் அத்துகிட்டுப் போனப்புறம் ஏரியத் திட்டாதே."

கலங்கிய தண்ணீருக்குக் கறுப்பு ரப்பர் புழு, தெளிந்த தண்ணீருக்குப் பச்சை. ஈயக் குண்டு ஏரியின் அடியைத் தொடுகிற அளவுக்கு இருந்தால் போதும், கனம் கூடினால் மீன் துப்பிவிடும். தூண்டில் முள்ளின் நுனியைப் புழுவின் உடம்புக்குள்ளேயே புதைத்துவிட்டால் கட்டையில் மாட்டாது. இதையெல்லாம் நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே அவன் வைத்தது ஆள்காட்டி விரலை. பாஸ் புழுவைக் கடிப்பதில்லை, தண்ணீரோடு உறிஞ்சிக்கொள்ளும். தங்கூசியில் ஒரு சின்னத் தட்டு, அவ்வளவுதான். விரல் அதைச் சொன்ன உடனே கோலைச் சுண்ட வேண்டும். பிந்தினால் முள் தொண்டைக்குள் போய்விடும், மீன் பிழைக்காது. எங்கள் மீன்பிடிச் சங்கத்துப் போட்டியில் மீனை உயிரோடு கொண்டுவந்து எடை போட்டு ஏரியிலேயே விட வேண்டும். செத்த மீனுக்குக் கால் பவுண்டு கழிப்பார்கள். இருபத்திரண்டு வருடத்தில் க்ளோவிஸ் ஒரு செத்த மீன் கொண்டுவந்ததில்லை. மாதம் ஒருமுறை அதை எங்களுக்கு ஞாபகப்படுத்துவான்.

நவம்பரில் அவனுக்குக் குடலில் புற்றுநோய் என்றார்கள். வெட்டி எடுத்தார்கள். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றினார்கள், மொத்தம் பன்னிரண்டு தடவை ஏற்ற வேண்டும் என்று கணக்கு. எட்டாவது முடிவதற்குள் விரல் நுனிகள் மரத்துவிட்டன. குளிர்ந்த சோடா டப்பாவைத் தொட முடியாது. சட்டைப் பொத்தானை மௌரீன் போட்டுவிட்டாள். அவன் அழவில்லை, கோபப்படவில்லை. ஒருநாள் பெட்ரோல் பங்கில் ஒருவன் காய்ந்த முடிச்சை இறுக்குவதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வண்டியில் ஏறிக்கொண்டான். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. அதுவும் சீக்கிரம் போய்விட்டது. அந்தக் குளிர்காலம் முழுக்க ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கும் எதுவும் உறைக்கவில்லை.

ஏப்ரலில் டாக்வுட் மரங்கள் பூத்தன, மீன்கள் முட்டையிடக் கரையோரம் வந்தன, சனிக்கிழமை போட்டி வைத்தார்கள். படகை இறக்கக் காத்திருந்தபோது க்ளோவிஸ் சொன்னான்:

"இன்னும் நாலு இருக்கு, ரஸ். இதோட நிறுத்தினா விரல் மெதுவாத் திரும்பலாமாம். நாலையும் ஏத்திக்கிட்டா திரும்பாமலே போகலாமாம்."

"நிறுத்தினா நோய் திரும்பாதா?"

"திரும்பலாம். திங்கக்கிழமை பதில் சொல்லணும். இன்னிக்கு ஒரே ஒரு கடி விரல்ல தெரிஞ்சா நிறுத்திருவேன். இருக்கிறதக் காப்பாத்திக்கணும். ஒண்ணுமே தெரியலன்னா காப்பாத்த என்ன இருக்கு? ஏத்திக்கிறேன்."

"பைத்தியமா உனக்கு? மீனக் கேட்டா முடிவு பண்ணுவே?"

"டாக்டரக் கேட்டாச்சு, பாதிரியாரக் கேட்டாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி. மௌரீன்கிட்ட மூச்சு விடாதே."

முடிச்சுகளை நானே போட்டுக் கொடுத்தேன். பதினொரு மணிக்குள் எனக்கு மூன்று மீன். அவனுக்கு ஒன்றுமில்லை. தண்ணீரில் சாய்ந்து கிடந்த ஒரு பைன் மரத்தின் ஓரமாகப் புழுவைப் போட்டுவிட்டு, விரலைத் தங்கூசிக்கு அடியில் வைத்து அதையே முறைத்துக்கொண்டிருந்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான். கண்ணால் பார்த்தால் அது ஏமாற்று வேலை என்று நினைத்திருப்பான்.

தங்கூசி ஒருமுறை துள்ளியது. பிறகு மெல்ல இடப்பக்கமாக நகர ஆரம்பித்தது.

ஒரே படகில் இருப்பவன் பார்த்தால் "நகருது!" என்று கத்த வேண்டும். பத்தொன்பது வருடமாக நாங்கள் ஒருவருக்கொருவர் கத்தியிருக்கிறோம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. என் அக்காவை நினைத்தேன். வாயை மூடிக்கொண்டு எண்ணினேன். ஒன்பது வரை எண்ணினேன். அவன் விரல் அப்படியே கிடந்தது.

புழுவை நகர்த்தக் கோலைத் தூக்கியபோதுதான் அவனுக்குக் கனம் தெரிந்தது. ஐந்து பவுண்டு இருக்கும். கையை நனைத்துக்கொண்டு நான்தான் தூக்கினேன். முள் தொண்டைக்குள் இருந்தது, செவுளில் ரத்தம். பிடுங்கினால் குடலே வந்துவிடும் என்று தங்கூசியை வெட்டிவிட்டுப் படகின் நீர்த்தொட்டியில் விட்டேன், காற்றுப் பம்ப்பை ஓடவிட்டேன். இரண்டு மணிக்கு அது மல்லாந்துவிட்டது.

எடை போடுகிற ஓலெட்டா கிரிக்ஸ் எங்கள் ஊர்த் தபால்காரி. மீனை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தாள்.

"இது யாரோடது?"

"என்னோடது," என்றான் க்ளோவிஸ்.

"பிரசங்கியாரே பாவம் பண்ணிட்டாருப்பா!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

"விரல்ல தெரியல," என்றான் க்ளோவிஸ், மணி கேட்டவனுக்குப் பதில் சொல்வது போல. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஓலெட்டா கால் பவுண்டைக் கழித்து எழுதினாள்.

திரும்பும்போது வண்டியை நான் ஓட்டினேன். தேவாலயத் திருப்பத்தில் அவன் சொன்னான்:

"நீ பாத்தே."

"என்னத்த?"

"நகர்ந்தத. உன் கோல விட்டுட்டு என் தங்கூசியவே பாக்கிறவன் நீ."

"ஒம்போது எண்ணினேன்," என்றேன்.

திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ கத்தியிருந்தா, எனக்குத் தெரிஞ்சுதுன்னு சொல்லியிருப்பேன்," என்றான்.

"தெரியும்."

"நல்ல மீன்டா அது."

"ஆமா."

மடியில் கிடந்த கையைத் திருப்பிப் பார்த்தான், வேறு யாருடையதோ போல. அவன் பிழைக்கட்டும் என்றுதான் வாயை மூடினேன். சந்தோஷம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அந்த மீனின் கனம் மட்டும் கையில் இருந்தது.

"திங்கக்கிழமை எட்டு மணிக்கு வந்துரு," என்றான். "இன்னும் நாலு தடவ வரணும். சலிச்சுக்கக் கூடாது."

சரி என்றேன்.