கடல் விலகிப்போன ஊரில் ஓர் அறை

மூன்று வாரம் கழித்து வரப்போகும் ஒரு சனிக்கிழமை காலையில் எனக்கு முட்டை எப்படி வேண்டும் என்று ஒரு பெண்மணி மின்னஞ்சலில் கேட்டிருந்தார். பொரித்தா, அவித்தா, கலக்கியா? அவித்ததென்றால் மஞ்சள் கரு இறுக வேண்டுமா, இளக வேண்டுமா? கிழக்கு லண்டனில், வேலைக்குப் போகும் சப்பாத்தோடு சமையலறை மேசையில் இருந்து அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். இரவு எந்த வீட்டில், எந்தப் பள்ளிக்கூட மண்டபத்தில் படுப்போம் என்று காலையில் தெரியாத வருடங்களில் வளர்ந்தவன் நான். இந்த நாட்டில் அரை வாழ்க்கை கழிந்துவிட்டது. ஆனாலும் மூன்று வாரத்துக்கு அப்பாலுள்ள ஒரு காலை, அங்கே நான் பசியோடு இருப்பேன் என்று இவ்வளவு உறுதியாக என்னை நம்புவது கூச்சமாக இருந்தது. இளகலாக, என்று எழுதி அனுப்பினேன். அனுப்பியதும் இறுகலாக என்று எழுதியிருக்கலாமோ என்று யோசித்தேன். என்னுடைய சுபாவம் அது. ஒரு முட்டைகூட என்னை இருக்கவிடாது.

இந்தப் பயணத்தைக் கேட்டது என் மனைவி ரஞ்சி. திருமணமான நாளில் இருந்து அவள் என்னிடம் அதிகம் எதுவும் கேட்டதில்லை. ஒரு நாள் முதியோர் இல்லத்து வேலை முடிந்து வந்து, கோட்டைக் கழற்றாமலே சொன்னாள்:

"மூண்டு நாள். ஒருத்தற்றை வீட்டையும் போகாமல், சொந்தக்காரர் ஒருத்தரோடையும் கதைக்காமல், கடலுள்ள இடமாய் மூண்டு நாள். நீங்கள் வந்தாலும் சரி, வராட்டிலும் சரி."

"போய் என்னப்பா செய்யிறது?"

"ஒண்டும் செய்யிறேல்லை. இருக்கிறது."

காரணம் எனக்குத் தெரியும். அவளுடைய ஊரான மயிலிட்டியில், அலை அடித்தால் தூவானம் விழும் தூரத்தில், அவளுடைய தாய் அவள் பெயருக்கு எழுதிவைத்த ஒரு துண்டுக் காணி இருக்கிறது. போர்க்காலத்தில் ஊர் முழுவதும் கம்பிவேலிக்குள் போனபோது அதுவும் போய், ஒரு தலைமுறை வளர்ந்து முடிந்த பிறகு திரும்பி வந்த காணி. வீடு இல்லை. கிணற்றைக் கல்லும் மண்ணும் மூடிவிட்டன. இப்போது அதை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்திருக்கிறார். வெளிநாட்டுச் சுற்றுலாக்காரர்கள் வந்து நாலு நாள் ஆறுதலாகத் தங்கிப் போக ஒரு விடுதி கட்டப்போகிறாராம். வரைபடத்தையும் அனுப்பியிருந்தார். கடலைப் பார்த்தபடி வரிசையாகச் சாய்மனைக் கதிரைகள். பருத்தித்துறையில் இருக்கும் ரஞ்சியின் தம்பி போனில், "அக்கா, காணி உன்ரை. விக்கிறதெண்டாலும் சரி, வைச்சிருக்கிறதெண்டாலும் சரி, மாசம் முடியேக்குள்ளை ஒரு சொல்லுச் சொல்லு" என்றான். அன்று தொடங்கிற்று. கனடாவில் இருந்து ஒருவர், பாரிஸில் இருந்து ஒருவர், நாங்கள் கலியாணவீட்டில் ஒருதரம் மட்டும் கண்ட ஒருவர். எல்லோரும் காணியைப் பற்றிக் கதைத்தார்கள். ரஞ்சி எல்லோருக்கும் "ஓம், ஓம்" என்றாள். அவளுக்கு ஒரு முடிவு எடுக்க வேண்டும். அதற்கு ஒரு கடலும், பேசாத மூன்று நாட்களும் வேண்டும். இவ்வளவுதான் கேட்டாள்.

என்னிடம் கேட்டதுதான் பிழை. நான் உரும்பிராயான். செம்மண்ணும் வெங்காயப் பாத்தியும் இறைப்பு யந்திரச் சத்தமுமாக வளர்ந்தவன். எங்கள் வீட்டில் ஒருவரும் வெறுமனே இருந்ததில்லை. தகப்பனார், எங்கள் ஐயா, இளைப்பாற இருக்கும்போதும் மடியில் வெங்காயப் பிடி ஒன்று கிடக்கும்; கை அதன் தாளை முடிந்துகொண்டே இருக்கும். காய்ச்சலில் படுத்தபோதுகூட, அடுத்த தோட்டத்துத் தண்ணீர் எந்த வாய்க்காலால் ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டே கிடந்தார். பிறகு வந்த காலமோ, காரணம் இல்லாமல் ஒரு சந்தி தாண்ட முடியாத காலம். எங்கே போகிறாய், ஏன் போகிறாய், எப்போது திரும்புவாய். காவலரண் ஒவ்வொன்றிலும் பதில் வைத்திருக்க வேண்டும். இளைப்பாற, என்று அன்று யாரும் சொல்லிப் பார்த்ததில்லை. சொல்லியிருந்தால் பஸ்ஸில் இருந்து இறக்கித் தடுத்து வைத்திருப்பார்கள். அந்தப் பழக்கம் காலில் ஏறிவிட்டது. எங்கே போவதென்றாலும் ஒரு செத்தவீடு, ஒரு சாமத்தியவீடு, ஒரு வைத்தியசாலை, ஏதாவது ஒன்று வேண்டும். வேலையிடத்தில் ஒரு வெள்ளைக்காரர் திங்கட்கிழமைகளில், வார இறுதியில் ஒன்றும் செய்யவில்லை என்று மகிழ்ச்சியாகச் சொல்லுவார். எனக்கு அவரைப் பார்க்க ஏதோ சுகமில்லாதவரைப் பார்ப்பது போல இருக்கும்.

ஆகவே ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு நான் முழுமூச்சாகத் திட்டம் போட்டேன். ரை என்ற பழைய ஊரைக் கண்டுபிடித்தேன். குன்றின் மேல் தேவாலயம், உருளைக்கல் பதித்த தெரு, மரச்சட்டம் கோணிய வீடுகள், கோட்டை வாசல். எல்லாம் பழசு. ஒரு காலத்தில் பேர்போன துறைமுகம் என்று போட்டிருந்தது; அதை வாசித்ததும் அறை எடுத்துவிட்டேன். பத்து மணிக்குக் கோட்டை, பதினொன்றுக்குத் தேவாலயக் கோபுரம், பிறகு நூதனசாலை, மூன்றரைக்குத் தேநீர், நாலு முதல் ஐந்து வரை கடல் பார்த்தல் என்று எழுதிக் கொண்டுவந்து ரஞ்சியிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"இதென்ன, பள்ளிக்கூட நேரசூசியே? மணி அடிக்கிறது ஆர், நீங்களோ?"

கடல் பார்த்தலை ஆறு மணி வரை நீட்டினேன். நீட்டியபோதுதான் அறையில் இருந்து கடல் எவ்வளவு தூரம் என்று தெரியாதது உறைத்தது. அறை வாடகைக்குத் தரும், முட்டை கேட்ட பெண்மணிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"கடலா? அது எங்களை விட்டுப் போய்விட்டதே" என்றார் அவர், வானிலை சொல்லும் குரலில்.

கடல் வற்றி இறங்கும் நேரத்தைச் சொல்கிறார் என்று நினைத்தேன். "எத்தனை மணிக்குத் திரும்பி வரும்?" என்று கேட்டேன். நாலு மணிக்கென்றால் வசதி.

மறுமுனையில் நீண்ட சிரிப்பு. பிறகு, தன் பாட்டனின் பாட்டனும் அதைத்தான் கேட்டிருப்பார் என்று விளக்கினார். நூற்றாண்டுகளுக்கு முன்பே கடல் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கிவிட்டதாம். ஆறு மண் கொண்டுவந்து போட்டது, புயல் கரையை மாற்றியது. துறைமுகம் என்ற பெயரும் படகுத்துறையும் மிச்சம். நடுவில் சதுப்பு நிலம், செம்மறிகள். கடல் இப்போது நடந்து போகும் தூரத்தில், கால் பலமானவர்களுக்கு.

கடல் கேட்டவளுக்குக் கடல் இல்லாத துறைமுகத்தை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். சொன்னபோது அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"கடல் போனாப் பிறகு சனம் என்ன செய்ததாம்?"

"இருந்ததாம்."

"ஒருத்தரும் கலைக்கேல்லையோ?"

"இல்லை. கடல் தானாய்ப் போனது."

குழாயைத் திறந்துவிட்டு மீனைத் திரும்பக் கழுவத் தொடங்கினாள். ஊரை விட்டு இடம்பெயர்ந்து இருந்த மல்லாகத்து முகாமில் அவளுடைய தகப்பன் விடியப்புறம் எழும்பி, வாசலில் நின்று காற்றைப் பார்த்து, இன்றைக்குக் கரையில் என்ன மீன் படும் என்று ஒவ்வொரு நாளும் சொல்லுவாராம். கடல் நடக்கிற தூரத்தில்தான் இருந்தது. நடக்கத்தான் விடவில்லை. அவர் சொன்ன மீனை யாரும் பிடிக்கவில்லை. அதை எனக்கு ஒரு தரம்தான் சொல்லியிருக்கிறாள்.

"அங்கையே போவம்" என்றாள். "கடல் எங்கை போனதெண்டு பாக்க வேணும்."

இதோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் ரைக்குப் போகும் வழியில் அஷ்போர்ட்டில் ரயில் மாற வேண்டும். அஷ்போர்ட்டில் என் பெரியம்மாவின் மகன் சிவா அண்ணை இருக்கிறார். எங்கள் ஆட்களிடையே இது சின்ன விடயம் அல்ல. சொந்தக்காரன் இருக்கும் ஊரால் சொல்லாமல் போனது எப்படியோ ஒரு கலியாண மண்டபத்தில் வெளிவரும். "வாசலாலை போயும் எட்டிப் பாக்கேல்லை" என்று தொடங்கினால் அடுத்த தலைமுறை வரை பேச்சுவார்த்தை இராது. வரவில்லை என்பதை முறையாகச் சொல்லிவிட்டால் கோபம் இல்லை என்று கணக்குப் போட்டேன்.

"அண்ணை, வெள்ளிக்கிழமை உங்கடை பக்கத்தாலை போறம். ஆனா வீட்டை வரேல்லை. கோவிக்கக் கூடாது."

"எங்கையடா போறியள்?"

"ரைக்கு."

"அங்கை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"பின்னை என்னத்துக்கு?"

"சும்மா, ரெண்டுபேரும் இருந்திட்டு வர."

அண்ணை ஒருதரம் செருமினார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ரஞ்சியோடை ஏதும் பிரச்சினையோ?"

இல்லை என்று நான் சத்தியம் செய்ய, வீடிருக்க ஹோட்டலில் படுப்பதோ என்று அவர் ஏச, பின்னால் அவர் மனைவி, மச்சாள், "கணவாய் வாங்கி வைக்கட்டோ எண்டு கேளுங்கோ" என்று கூப்பிட, கடைசியாக அண்ணை சொன்னார்: "உந்தக் காணிக் கதையும் கேள்விப்பட்டனான். நேரிலை கதைப்பம்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் ரஞ்சி கதவில் நிற்கிறாள்.

"வரேல்லை எண்டு சொல்ல உலகத்திலை ஆரும் போன் எடுப்பினமே? உங்களுக்குப் போகாமல் இருக்கவும் தெரியாது, சொல்லாமல் இருக்கவும் தெரியாது." கோபப்பட்டுக் கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவள் பெட்டியைத் திறந்து, என் நேரசூசியை வெளியே எடுத்து வைத்துவிட்டு, குளிருக்கு ஒரு சால்வையை உள்ளே வைத்தாள்.

அஷ்போர்ட் மேடையில் அண்ணை நின்றார், கையில் கார்ச் சாவியை ஆட்டிக்கொண்டு. பெட்டியை இறக்க முன்னமே தொடங்கிவிட்டார். "பிள்ளை, வித்துப்போடு. ஆர் போய் இருக்கப்போகினம் அங்கை? சரி சரி, சாப்பிட்டிட்டுக் கதைப்பம். காரிலை நானே கொண்டுபோய் விடுறன்." எதிர்ப்பக்கத்தில் ரைக்குப் போகும் இரண்டு பெட்டி ரயில் உறுமிக்கொண்டு நின்றது. ரஞ்சி சிரித்த முகத்தோடு, மிக மரியாதையாக, "அண்ணை, கோவிக்காதேங்கோ. இவர் வருவார், இவருக்குப் பசி. மச்சாளிட்டைக் குறை நினைக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ" என்றாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். கதவு மூடப்போகும் மணி அடித்தது. அண்ணையின் கை என் தோளில் இருந்தது. அதைத் தட்டிவிட்டு ஏறியிருக்கலாம். கணவாய் அடுப்பில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும், நான் ஏறவில்லை.

அந்த வீட்டில் நான் சாப்பிட்டதைவிடக் கேட்டதுதான் அதிகம். விற்க வேண்டும் என்று அண்ணை. பிறந்த மண்ணை விற்பதோ என்று மச்சாள். "நீர் உடுப்பிட்டிக் காணியை வித்து இந்தச் சமையலறையைக் கட்டேக்கை மண் எங்கை போனது?" என்று அண்ணை கேட்க, மச்சாள் கறிச்சட்டியை நங்கென்று மேசையில் வைத்தார். என் சாப்பாட்டுக் கோப்பையில் புட்டு குறையக் குறைய ஏறியது. மேசைக்குக் கீழே என் கால் ஆடிக்கொண்டிருந்தது. காணியின் சொந்தக்காரி எங்கோ தனியே நடந்துகொண்டிருக்க, ஒருபோதும் மயிலிட்டியில் கால் நனைக்காத மூன்று பேர் அதைப் பங்கிட்டுக்கொண்டிருந்தோம். பாதிச் சாப்பாட்டில் எழும்பிக் கை கழுவினேன். எங்கள் முறைப்படி அது பெரிய குற்றம். அண்ணை கார்ச் சாவியை எடுத்து என்னைத் திரும்ப ரயிலடிக்குக் கொண்டுவந்து விட்டார்.

ரையில் கோட்டையையும் கோபுரத்தையும் நான் பார்க்கவில்லை. வீட்டுக்காரப் பெண்மணி, "உன் மனைவி ஒரேயொரு கேள்வி கேட்டாள், கடல் எந்தப் பக்கமாகப் போனது என்று" என்றார். கையை நீட்டிக் காட்டினார். ஆற்றோரமாக நடந்தேன். சேற்றில் சரிந்து கிடக்கும் படகுகள், வாய்க்கால்கள், கொழுத்த கறுத்த மண். மண்ணைக் கண்டால் நின்று பார்க்கும் கால், அன்றைக்கு நிற்கவில்லை. கூழாங்கல் மேடு ஒன்று ஏறினேன். அப்பால் அவள் இருந்தாள், சால்வையைப் போர்த்துக்கொண்டு. அவளுக்கு முன்னால் சாம்பல் நிறத்தில், சத்தம் அதிகம் போடாத கடல்.

பக்கத்தில் போய் இருந்தேன். அவள் ஏசவில்லை.

"தம்பிக்குச் சொல்லிப்போட்டன்" என்றாள்.

"என்னெண்டு?"

"விக்கேல்லையெண்டு."

"வீடு கட்டப் போறமோ?"

"இல்லை. நாங்கள் போய் இருக்கப்போறேல்லை. அது எனக்குத் தெரியும்."

"பின்னை?"

"கிணத்தை மட்டும் தூர்வாரச் சொன்னன். கரைக்கு வாறவை தண்ணி குடிக்கட்டும்."

அலை ஒன்று கல்லை உருட்டிக்கொண்டு போயிற்று.

"இஞ்சை நாங்கள் இருக்கிற மாதிரி, வித்திருந்தால் அங்கையும் ஆரோ வந்து இருந்திருப்பினம், என்ன?" என்றாள். "அவையிலை பிழையில்லை. ஆனா அவைக்கு வேறை கரையும் இருக்கு."

அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் கடலைப் பார்க்க முயன்றேன். உண்மையைச் சொன்னால், எனக்குக் கடலில் பார்க்க ஒன்றும் தெரியவில்லை. கழுத்து தானாகவே பின்னால் திரும்பியது: செம்மறி மேயும் பச்சை, நேர்கோட்டு வாய்க்கால், தூரத்தில் ஒருவன் மடைப்பலகையை உயர்த்த, தண்ணீர் ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கம் போய்க்கொண்டிருந்தது. முன்னர் கடலின் அடியில் கிடந்த நிலம். மெல்ல நகர்ந்து அந்தப் பக்கம் திரும்பி இருந்தேன். ரஞ்சி தன் முதுகை என் முதுகில் சாய்த்தாள். அவள் மூச்சு விடும்போது என் தோள் கொஞ்சம் அசைந்தது. அவள் தண்ணீரைப் பார்த்தாள், நான் வயலைப் பார்த்தேன். இரண்டும் எங்களுடையவை அல்ல. குளிர் ஏறிய பிறகும், முதலில் எழும்புகிறவர் மற்றவரை விழுத்திவிடுவாரோ என்று இரண்டு பேரும் அப்படியே இருந்தோம்.