பூ வேண்டாம் என்றவர்

அடுகோடியில் ஒரு தகரக் கொட்டகையில் கல்யாண மேடை அலங்காரம் செய்பவர் அவர். நரைத்த மீசை, இலைச்சாறு ஏறிப் பச்சையாகிப்போன நகங்கள், கன்னடம் கலந்த தமிழ். அளவு நாடா வைத்துக்கொள்ள மாட்டார். எதையும் பூக்கட்டும் நாரால் அளந்து, அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வார்.

என் கல்யாணத்துக்கு இருபத்தாறு வேலைகள் எழுதிய பட்டியலோடு அவரிடம் போனேன். பதினோராவது, அப்பாவின் படம். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். மண்டபத்துக்கு வர முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் அவருடைய பெரிய படத்தை மேடையருகே வைத்து, சுற்றிலும் மல்லிகைச் சரம் தொங்குவதுபோலக் கணினியில் வரைந்திருந்தேன். படத்தையும் கொண்டுபோயிருந்தேன்.

வரைந்ததைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "அப்பா இருக்காருல்லம்மா?"

"இருக்கார்."

"அப்போ பூ பேடாம்மா. உயிரோட இருக்கறவர் போட்டோவுக்கு யாராச்சும் பூ போடுவாங்களா? இன்ஜினியருங்க எல்லாம் கரெக்டா வரையறீங்க, இது தெரியலயே! சுத்தி லைட்டு போடறேன், அஷ்டே, அவ்ளோதான்."

எனக்கு முகம் சுட்டது. பட்டியலில் மல்லிகையை அடித்தேன். அவர் படத்தை நாரால் அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டார். விளக்குக்கு என்று நினைத்தேன்.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் முன்பு அப்பா இறந்தார். மேடை வேண்டாம் என்று சொல்லப் போன் செய்தேன். வீடு எங்கே என்று மட்டும் கேட்டார். சிறிது நேரத்தில் வாசலில் மாலையோடு நின்றார்.

அதை அவரே படத்துக்குப் போட்டார். ஒரு விரற்கடைகூடக் கூடவோ குறையவோ இல்லை. அன்று அந்த முடிச்சை எதற்குப் போட்டார் என்று நான் இன்றுவரை அவரிடம் கேட்கவில்லை.