அரைஞாண் கயிற்றில் ஒரு மோதிரம்

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருடத்தில் அப்பாவின் கல்யாண மோதிரம் நான்கு முறை இடம் மாறியது. கடைசியாக அது போய்ச் சேர்ந்த இடத்தை வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். ஏழு வாரம் காப்பாற்றினேன். என் வாய்க்கு அது பெரிய காலம்.

அப்பா மாமல்லபுரத்தில் ஒரு சிற்பப் பட்டறையில் கல் அறுக்கிற வேலை பார்த்தார். முருகனைக் கும்பிடுகிறவர், மாதம் ஒருமுறை திருப்போரூர் போய் வருவார். அம்மா சர்ச்சுக்குப் போகிறவள். இருவரும் விரும்பிக் கட்டிக்கொண்டவர்கள். அம்மாவுக்கென்று இருந்தது ஒரே ஒரு அண்ணன். செங்கல்பட்டில் சர்ச்சில் வைத்து மோதிரம் மாற்றினால்தான் சம்மதம் என்றும், மாற்றிய மோதிரத்தைக் கழற்றவே கூடாது என்றும் மாமா சொன்னாராம். அப்பா இரண்டுக்கும் தலையாட்டினார். அப்படியும் மாமாவுக்கு மனம் ஆறவில்லை. வேலை மாற்றலில் வெளியூர் போனவர், நான் பிறந்தபோதுகூட வந்து பார்க்கவில்லை. எப்போதாவது போனில் பேசுவார், அதுவும் அம்மாவிடம் மட்டும்.

ஒரு நாள் பட்டறையில் கல்லைத் தூக்கும் சங்கிலியில் அப்பாவின் மோதிரம் மாட்டிக்கொண்டது. கூட இருந்தவர் சட்டென்று சங்கிலியை நிறுத்தியதால் விரல் மிஞ்சியது. ஆனால் சதை கிழிந்து, விரல் கத்திரிக்காய் போல வீங்கி, மோதிரம் உள்ளே புதைந்துவிட்டது. எதிரே வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் நைலான் நூலை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து, விரலில் நெருக்கமாகச் சுற்றி, சோப்புத் தண்ணீர் விட்டு, நூலை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து மோதிரத்தை வெளியே எடுத்தாராம். விரலுக்கு ஆறு தையல். இதை மாமாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று அம்மா முடிவு செய்தாள். தங்கச்சியைக் கல் உடைக்கிறவனுக்கா கொடுத்தேன் என்று அவர் மறுபடி ஆரம்பிப்பார் என்ற பயம்.

மோதிரத்தோடு இனி வேலைக்கு வராதே என்று முதலாளி சொல்லிவிட்டார். அம்மா அதைக் கறுப்புக் கயிற்றில் கோத்து அப்பாவின் கழுத்தில் போட்டாள். குனிந்து வேலை செய்யும்போது அது மிஷின் பக்கமாக ஆடியது. கழுத்து வேண்டாம் என்று சட்டையின் உள்பக்கம் சின்னதாக ஒரு பை தைத்தாள். ஒரு நாள் சட்டையோடு மோதிரமும் ஊறப் போய்விட்டது. சோப்புத் தண்ணீர் கொட்டிய சாக்கடையை மூன்று பேரும் குச்சியால் துழாவி எடுத்தோம். அப்புறம் அது பீரோவுக்குள் போனது. அப்பா சரி என்றார். ஆனால் சாப்பிடும்போதும் டிவி பார்க்கும்போதும் கட்டைவிரலால் அந்த வெறும் விரலைத் தடவிக்கொண்டே இருந்தார். அம்மா நான்கு நாள் பார்த்தாள். ஐந்தாம் நாள் பீரோவைத் திறந்தாள்.

"சட்டைய தூக்கு" என்றாள்.

அப்பாவின் அரைஞாண் கயிற்றை அவிழ்த்து, மோதிரத்தைக் கோத்து, இரட்டை முடிச்சாகப் போட்டாள். அப்பா கூச்சத்தில் நெளிந்தார். கயிறு அறுந்தால் என்ன செய்வது என்று கேட்டதற்கு, மாதம் ஒரு கயிறு மாற்றுகிறேன் என்றாள். அன்று முதல் ஞாயிற்றுக்கிழமைதோறும் அதைக் கழற்றி, வெந்நீரில் போட்டு, பழைய டூத் பிரஷால் கல் தூசியையும் வேர்வையையும் தேய்த்துக் கழுவித் துடைப்பாள். இடுப்பில் உறுத்திய இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு மறுபடி கட்டுவாள்.

அந்தச் சமயத்தில்தான் மாமாவுக்கு எங்கள் பக்கமே மாற்றலாகி, அணுபுரம் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையோடு எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார். அம்மா விடியற்காலையிலேயே வஞ்சிரம் வாங்கிவிட்டாள்.

வந்து உட்கார்ந்த மாமாவுக்கு அப்பா தண்ணீர்ச் சொம்பை நீட்டினார். மாமா சொம்பை வாங்கவில்லை. கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மோதிரம் எங்க?"

"வேலைக்கு ஒத்துவர்ல மச்சான். பத்ரமா கீது."

"கழட்ட மாட்டேன்னு சொல்லித்தானே கட்டிகினே? இப்ப கழட்டிப் போட்டுட்டு கோயிலுக்குப் போய்கினு கீறியா?"

அப்பா சொம்பைக் கீழே வைத்தார். சமையலறை வாசலில் நின்ற அம்மா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் விபத்தைச் சொல்ல வேண்டியிருக்கும். மாமா எழுந்தார். கிளம்பலாம் என்று அத்தையைப் பார்த்தார். குழம்பு வாசனை வீடெல்லாம் இருந்தது. இவ்வளவு மீனும் வீணாகப் போகிறதே என்பதுதான் என் கவலை. ஓடிப்போய் அப்பாவின் சட்டையைத் தூக்கிவிட்டேன்.

"அர்ணாக்கவுத்துல கீது மாமா. பாரு."

கழுவி அரை மணி நேரம்கூட ஆகாத மோதிரம், வேட்டி மடிப்புக்கு மேலே, தொப்புளுக்குப் பக்கத்தில் பளபளத்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். முதலில் சிரித்தது அத்தை.

"இவரு மோதிரம் எங்கன்னு யாராவது கேளுங்களேன்" என்று தன் கையை நீட்டினார். ஒரே விரலில் இரண்டு மோதிரங்கள். பெரியது நழுவாமல் இருக்க அடியில் நூல் சுற்றியிருந்தது. "வெரலு பெருத்துப்போச்சி. ஆறு வருசமா ரெண்டையும் நாந்தான் போட்டுகினு கீறேன்."

மாமாவின் காது சிவந்தது. மெல்ல உட்கார்ந்தார். ஏன் கழற்றினான் என்று, இந்த முறை அம்மாவிடம், தணிந்த குரலில் கேட்டார். அம்மா சங்கிலியில் தொடங்கித் தையல் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே அழுதாள்.

மாமா அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். விரலை வெளிச்சத்தில் திருப்பினார். தையல் தழும்பு விரலைச் சுற்றிலும் வளையமாக ஓடியது. அதன்மேல் தன் கட்டைவிரலை வைத்து முன்னும் பின்னுமாகத் தடவினார். அப்பா கையை உருவிக்கொள்ளவில்லை. வெகுநேரம் மாமா அந்த விரலை விடவே இல்லை.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இடுப்பில் இருக்கிறது என்று காட்டிய பிறகும் இவர் ஏன் இன்னும் விரலிலேயே தேடிக்கொண்டிருக்கிறார்? சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அப்பாவின் சட்டையை இன்னொரு முறை தூக்கிக் காட்டினேன்.