கோவிந்தராசு தேடித் தரும் தேதிகள்

சாலையில் இரண்டு லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் கோவிந்தராசு பேனாவை மூடிவிட்டு வாசலுக்கு வந்து நிற்பார். மூன்றாவது வருகிறதா என்று பார்ப்பார். வந்துவிட்டால் போதும். எதற்குப் பின்னால் எது போகிறது, எது இழுக்கமாட்டாமல் முக்குகிறது, கடைசி வண்டிக்கும் முன் வண்டிக்கும் எவ்வளவு இடைவெளி என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார். போன அறுப்பில் கூலித் தகராறு முற்றியபோது கிழக்கே போன போலீஸ் லாரிகளையும் இப்படித்தான் நின்று பார்த்தார். "நடு வண்டி கொதிக்குது. மன்னார்குடி தாண்டாது பாருங்க" என்றார். அது மன்னார்குடியும் தாண்டித் திருத்துறைப்பூண்டிக்கே போய்ச் சேர்ந்துவிட்டதாம். அன்று முழுக்க அவர் யாரோடும் பேசவில்லை.

தஞ்சாவூர் கீழவாசலில் லாரி புக்கிங் ஆபீஸ் குமாஸ்தா அவர். எதிரில் என் பூக்கடை. ஒல்லியான உடம்பு, கார்பன் தாள் மை ஏறிய விரல்கள், எந்த நாளும் கறுப்புச் சட்டை. கோயில் வாசலைக் கடந்து போனாலும் தலையைத் திருப்பமாட்டார். நான் விபூதி பூசிக்கொண்டு கடை திறந்தால், "என்ன தங்கச்சி, வெள்ளையடிச்ச சுண்ணாம்பு மிச்சமா?" என்பார். "உங்க நெத்தி மாதிரி வெறிச்சுனு இருக்க வேணாமேன்னுதான் அண்ணே" என்பேன். கோபித்துக்கொள்ளமாட்டார். சிரித்துக்கொண்டே ஒரு டீ சொல்லி அனுப்புவார்.

இவருக்கு இன்னொரு வேலை உண்டு. அதற்குச் சம்பளம் கிடையாது. வெள்ளைக்காரன் நடத்திய யுத்தத்தில் இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? அவர்கள் எந்த ரயிலில் ஏறினார்கள், எந்தத் துறைமுகத்தில் எந்தக் கப்பல் கூட்டத்தோடு புறப்பட்டார்கள், அந்தக் கப்பல் என்ன ஆயிற்று என்று தேடிக்கொண்டே இருப்பார். மெட்ராசுக்கு லோடு போகும்போது டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொள்வார். பழைய சர்க்கார் காகிதங்களைக் காத்து வைத்திருக்கும் ஆபீசில் நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்து எழுதிக்கொண்டு, அடுத்த லோடில் திரும்புவார். டில்லிக்கு மனு மேல் மனு போடுவார். பதில் வந்தால் வக்கீல் குமாஸ்தா அப்துல் வஹாப் பாய் படித்து அர்த்தம் சொல்வார்.

"உங்க ஆட்சிதானே நடக்குது? சட்டுனு கேட்டு வாங்க வேண்டியதுதானே?" என்று பாய் சீண்டுவார்.

"ஆட்சிதான் பாய் மாறிச்சு. பீரோ சாவி அதே ஆளு இடுப்புலதான் தொங்குது."

கப்பல் கூட்டம் என்றால் என்னவென்று எனக்கும் ஒருநாள் விளக்கினார். "நம்ம லாரி மாதிரிதான் தங்கச்சி. ரோட்டுல ஒரு டிரைவர் சொல்ற நேரத்தை அப்படியே நம்ப முடியுமா? முன்னால போனவன், பின்னால வந்தவன் எல்லாரையும் கேட்கணும். கப்பலும் அப்படித்தான். இருக்கறதுலயே நொண்டி எதுவோ, அது போற வேகம்தான் மத்ததுக்கும். ஆனா அது நின்னுபோச்சுன்னா யாரும் நிக்கமாட்டான். நிக்கக்கூடாதுன்னு உத்தரவு."

அவருடைய அண்ணன் பஞ்சநதமும் பட்டாளத்து லாரி ஓட்டப் போனவர்தான். ஊரார் கப்பலையெல்லாம் கண்டுபிடித்தவருக்குச் சொந்த அண்ணன் ஏறிய கப்பல் மட்டும் அகப்படவில்லை. "ஊருக்கெல்லாம் திதி தேடித் தர்றாரு. எங்க வீட்டுல ஒரு பிடி எள்ளு கிடையாது" என்று அவர் மனைவி அம்சம் என் கடையில் வந்து அங்கலாய்ப்பார். தேதி தெரியாதவர்களுக்குத்தான் ஆடி அமாவாசை இருக்கிறதே என்று நான் ஒருதரம் கோவிந்தராசுவிடமே சொல்லிவிட்டேன். அவர் முகம் சுண்டிப் போயிற்று.

"லேபிள் கிழிஞ்ச மூட்டையெல்லாம் ஒரே மூலையில போடுவோம் தங்கச்சி. எங்க அண்ணன் லேபிள் கிழிஞ்ச மூட்டையா? எனக்குச் சாமி கிடையாது, பிசாசு கிடையாது. செத்தவனுக்கு ஒரு தேதி உண்டு. அவ்வளவுதான்."

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரிலிருந்து வேம்பு என்கிற அம்மாள் அவரிடம் வந்து போய்க்கொண்டிருந்தார். நடவு நட்டுப் பிழைப்பவர். கல்யாணமாகிக் கொஞ்ச காலத்தில் புருஷன் கண்ணுசாமி பட்டாளத்துக்குப் போனார். பிறகு சர்க்காரிலிருந்து, காணவில்லை என்று ஒரு காகிதம் வந்தது. இறந்தார் என்று அதில் இல்லை. கூலி கூட்டிக் கேட்டு வேம்பு முன்னால் நின்றபோது பண்ணைக் காரியக்காரன் அத்தனை பேர் நடுவில் கேட்டானாம்: "புருஷனையே புடிச்சு வைக்கத் தெரியல, கூலிக்கு என்னடி புடிவாதம்? அவன் ரங்கூன்ல எவளோடயோ குடும்பம் நடத்துறான்!" அதைச் சொல்லித்தான் அந்த அம்மாள் முதலில் வந்து அழுதார்.

போன தை மாதம் கோவிந்தராசு அவருக்கு ஒரு கார்டு போட்டார். வேம்பு முதல் பஸ்சிலேயே வந்துவிட்டார். நானும் கடையை விட்டுப் போய் நின்றேன்.

"அவர் ஓடலக்கா" என்று ஆரம்பித்தார் கோவிந்தராசு. "கப்பல் மிசின் கெட்டுப் பின்தங்கிப் போச்சு. மத்த கப்பலெல்லாம் போயிடுச்சு. மறுநாள் ஜப்பான்காரன் குண்டு போட்டு முழுக்கிட்டான். யாரும் தப்பல. அதுல ஏறினவங்க லிஸ்டுல அவர் பேரு இருக்கு." பழைய பஞ்சாங்கத்தைப் பிரித்தார். அதைக் கறுப்புச் சட்டைக் கை புரட்டுவதைப் பார்க்க எனக்கு வேடிக்கையாக இருந்தது. "மாசி, தேய்பிறை பஞ்சமி."

வேம்பு அழவில்லை. "அந்தக் காரியக்காரன் மூஞ்சியில இதைச் சொல்லணும்" என்றார். பிறகு திடீரென்று பயந்துபோனார். "ஏன் தம்பி, இத்தனை வருசமா நான் ஆடியில படைச்சேனே? நாள் தப்பிப் படைச்சது அவருக்குப் போய்ச் சேரலியா? பசியாவா இருந்தாரு?"

அதெல்லாம் மூடநம்பிக்கை என்று மேடையில் பேசுகிறவர் கோவிந்தராசு. இப்போது தம் மை விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஈசுவரா, இவர் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று நினைத்துக்கொண்டேன்.

"எங்க ஆபீசுல சரக்கு முன்னாடியே வந்துட்டாத் திருப்பி அனுப்பமாட்டோம்கா" என்றார். "குடோன்ல வச்சிருப்போம்."

"கெட்டுப் போகாதா?"

"கெடாது. ஆளு வந்து கையெழுத்துப் போட்டு எடுக்கறவரைக்கும் எங்க பொறுப்பு."

வேம்பு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம்தான் அழுதார். புறப்படும்போது, "உங்க அண்ணனுக்கு என்ன தம்பி புடிக்கும்?" என்று கேட்டார்.

"அவருக்குத் தேதி கிடைக்கலக்கா."

"தேதியா கேட்டேன்? எங்க ஊட்டு மனுசருக்குத் தனியா உக்காந்தாச் சோறு எறங்காது. துணைக்கு வரட்டும். என்ன புடிக்கும்?"

எந்தக் காகிதத்திலும் இல்லாத விவரம் அது. கோவிந்தராசு பஞ்சாங்கத்தை மூடினார். "கருணைக்கிழங்கு. புளி நிறைய ஊத்தி."

மாசிப் பஞ்சமியன்று என்னிடம் ஒரு சாமந்தி மாலை வாங்கினார். என் கடையில் அவர் வாங்கிய முதல் மாலை அது. "வாடாம நீயே எடுத்துட்டு வா தங்கச்சி" என்றார். போனோம். அறுத்த வயலில் உளுந்து பூத்திருந்தது. வேம்பு வீட்டுக்குள் இரண்டு இலை. தெருவே வந்து நின்றது. காரியக்காரன் வரவில்லை. அவன் மனைவி மட்டும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து ஓரமாக நின்றாள்.

வேம்பு இரண்டு உருண்டைச் சோற்றைக் கொல்லைச் சுவரில் வைத்தார். ஒரு காகம் வந்து, கண்ணுசாமியின் உருண்டையைக் கொத்திக்கொண்டு பறந்தது. கருணைக்கிழங்கு வைத்த உருண்டை அப்படியே இருந்தது. வேம்பு என்னைப் பார்த்தார். நான் ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டேன்.

கோவிந்தராசு கறுப்புச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு சுவரருகே போனார். வாய்க்கு இருபுறமும் கைகளைக் குவித்தார். கிளம்பிப் போய்விட்ட லாரியை நிறுத்துவதற்குப் போடுவாரே, அதே குரலில், "கா... கா..." என்று கூப்பிட்டார்.