சும்மா டீச்சர்

அந்தப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் சும்மா டீச்சர். வேலை செய்யாமல் சும்மா இருப்பவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஓரிடத்தில் உட்கார்ந்தால்தானே! பஸ் டிப்போவுக்குப் பின்னால், ஹாரன் சத்தத்தோடு போட்டிபோட்டுக் கத்திப் பாடம் நடத்துகிற பள்ளி அது. முன்பிருந்தவர் மின்விசிறி நின்றுபோனால்தான் தன் அறையை விட்டு வெளியே வருவாராம். இந்த அம்மாவோ நேர்மாறு. திடீரென்று ஏதாவது வகுப்புக்குள் நுழைவார், "சும்மாதான் வந்தேன், நீங்க நடத்துங்க" என்பார், கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு இடித்துக்கொண்டு உட்காருவார். நாற்காலியில் உட்கார்ந்தபடி எந்தப் பள்ளியையும் தூக்கி நிறுத்த முடியாது என்பது அவருடைய பிடிவாதம். பிடிவாதம் நியாயமானதுதான். அந்தச் சொல்தான் வினையாகிப் போனது.

மேலே இருப்பவர்கள் "சும்மா" வந்துவிட்டுப் போனால் பின்னாலேயே மெமோ வரும் என்பது ஆசிரியர்கள் பட்டறிந்தது. அதனால் ஆளுக்கொரு பாடத்தைக் கைவசம் வைத்திருந்தார்கள். கணக்கு வாத்தியாருக்கு முக்கோணம். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டதும் முன்வரிசைப் பெண் ஒருத்தி "சார், முக்கோணம்!" என்று குரல் கொடுப்பாள். கரும்பலகை நொடியில் மாறும். பிள்ளைகள் பரப்பளவை மளமளவென்று ஒப்பிப்பார்கள். தலைமையாசிரியைக்கு உச்சி குளிர்ந்துவிடும். ஆனால் பரீட்சையென்று வந்தால் பாதி வகுப்பு கணக்கில் கவிழ்ந்துவிடும். ஏன் என்று புரியாமல் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்வார்.

ஒருநாள் கணக்கு வாத்தியார் மாறுதல் மனுவைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். தலைமையாசிரியைக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த இரைச்சலுக்குப் பயந்து புதிதாக எவரும் இங்கே வரமாட்டார்கள். இவரும் போய்விட்டால் பிள்ளைகளுக்குக் கணக்கே இல்லை.

"என்ன சார் இது? என்ன கொற?"

"கொற ஒண்ணுமில்ல மேடம். சும்மாதான்."

"சும்மா யாராவது மாறுதல் கேப்பாங்களா?"

தலைமையாசிரியை அவரை யோசிக்கச் சொல்லி அனுப்பிவிட்டு, மனுவைப் பேப்பர் வெயிட்டுக்கு அடியில் வைத்தார்.

அந்த வாரமே தலைமையாசிரியையின் செருப்பு வார் அறுந்தது. வெறுங்காலோடு வராந்தாவில் நடந்தவர் கணக்கு வகுப்பின் ஜன்னலோரம் நின்றார். உள்ளே சதவீதம் நடந்துகொண்டிருந்தது.

"நாப்பது சீட்டு பஸ்ஸுல பத்துப் பேரு. எத்தன சதவீதம்?"

"பத்து சார்!" என்றாள் ஒரு சிறுமி.

வாத்தியார் திட்டவில்லை. டிப்போ பக்கம் கை காட்டினார். "அப்ப நாப்பது சீட்டும் ரொம்பிட்டா நாப்பது சதவீதமா? பஸ்ஸு ரொம்பிடுச்சேம்மா!"

வகுப்பே சிரித்தது. அந்தச் சிறுமி உதட்டைக் கடித்து யோசித்துவிட்டு, "நாப்பதுதான் நூறா? அப்ப பத்து... இருவத்தஞ்சு!" என்று துள்ளினாள். ஜன்னலோரம் நின்றவருக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. அப்போதுதான் வாத்தியார் அவரைப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. மடமடவென்று பஸ் கணக்கை அழித்துவிட்டு முக்கோணம் வரைந்தார்.

இத்தனை நாள் நல்ல பாடங்களை அழித்துக்கொண்டிருந்தது தன் செருப்புச் சத்தம்தான் என்று உறைத்தபோது தலைமையாசிரியைக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று வீட்டில் சொல்லிப் புலம்பினார். அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கணவர்தான் இப்போது சமையல். அவர் கரண்டியோடு சிரித்தார்.

"இங்கயும் அதே கததான். நீ சும்மா வந்து நின்னா, நான் அடுப்பப் பாக்கறதா, உன் மூஞ்சியப் பாக்கறதா?"

"அப்ப நான் என்னதாங்க பண்றது?"

"ஒருநாள் நீ சமைச்சுப் பாரு. நான் வந்து சும்மா நிக்கறேன்."

மறுநாள் அறிவியல் டீச்சர் விடுப்பு. அந்த வகுப்பைத் தலைமையாசிரியையே எடுத்துக்கொண்டார். கணக்கு வாத்தியாரைக் கூப்பிட்டு, "சார், கடைசி பெஞ்சுல உக்காருங்க. எங்க தப்பு பண்றேன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். சாக்பீஸ் பிடித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அதுவும் அவர் படித்தது வரலாறு. சூரியனுக்குப் பக்கத்தில் பூமி வரும்போது வெயில் காலம் என்று அடித்துவிட்டார்.

முன்வரிசை முக்கோணப் பெண் எழுந்தாள். "அப்ப உலகம் பூரா ஒரே நேரத்துல வெயில் காலம் வரணுமே டீச்சர்?"

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பது என்றால் என்னவென்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"தெரியலம்மா. நான் சொன்னது தப்புன்னு மட்டும் தெரியுது. படிச்சுட்டு வந்து சொல்றேன்."

மணி அடித்ததும் கணக்கு வாத்தியார் எழுந்து போய்விட்டார். தலைமையாசிரியை அறைக்கு வந்து, இனி என்ன செய்ய என்று கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்து, மனுவை முன்னால் இழுத்தார்.

கதவோரம் கணக்கு வாத்தியார் நின்றார்.

"மேடம், நாளைக்கு என் வகுப்புக்கு வாங்க. சதவீதம் பாதிப் பேருக்குப் புரியல. யாருக்கு எங்க சிக்குதுன்னு முன்னாடி நிக்கறவனுக்குத் தெரிய மாட்டேங்குது. நீங்க பின்னாடி இருந்து பாத்துச் சொன்னா நல்லாருக்கும்."

தலைமையாசிரியை மனுவைத் தூக்கிக் காட்டினார்.

"அப்ப இது?"

"அதுவா மேடம்?" வாத்தியார் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். "அது சும்மா எழுதினது."