ஆரோக்கியம் அண்ணனின் சாஸர்

ஆரோக்கியம் அண்ணன் போய்விட்டார். காலையில் அவர் மகள் ஸ்டெல்லா போன் பண்ணிச் சொன்னாள்... அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

எழுபதுகளில் விருத்தாசலத்தில் டீசல் வண்டி வைத்திருந்த எல்லோருக்கும் ‘நாசில் ஆரோக்கியம்’ என்றால் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

என்ஜினுக்குள் டீசலைப் பனி மாதிரி தூவிவிடுகிற சின்னச் சாமான்தான் நாசில். அதில் கரி அடைத்துக்கொண்டால் வண்டி கறுப்பாகப் புகை தள்ளும், காலையில் ஸ்டார்ட் ஆகாமல் மானத்தை வாங்கும். அப்புறம் அண்ணன் கடைக்கு ஓட வேண்டியதுதான்.

எங்கள் அப்பா டாக்ஸி ஓட்டினார். டீசல் என்ஜின் மாற்றிப் போட்ட பழைய கார். அதனால் அந்தக் கடை எங்களுக்கு இன்னொரு வீடு மாதிரி.

கடையா அது... ஆபரேஷன் தியேட்டர். செராமிக் கம்பெனிகளுக்குப் பின்னால்தான் இருந்தது. ஊரே களிமண் தூசி, நாசிலுக்கோ தூசியே ஆகாது.

யாராக இருந்தாலும் வாசலில் செருப்பை விட்டு, கைகால் கழுவித்தான் உள்ளே போக வேண்டும். கோயிலில்கூட இவ்வளவு கெடுபிடி கிடையாது என்று களிமண் லோடு அடிக்கிற டிரைவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுத்துக்கொண்டே கழுவுவார்கள்.

முன்கோபம் வேறு. கழுவி வைத்த நாசிலை ஒரு லாரி ஓனர் ஆசையாக வேட்டி நுனியால் துடைத்துவிட்டார். அண்ணன் அதைப் பிடுங்கி, திட்டிக்கொண்டே மறுபடி முதலிலிருந்து கழுவினார். ஓனர் வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

அவர் மேஜையில் ஒரு வெள்ளை டீ சாஸர் இருக்கும். கம்பெனியில் கழித்துப் போட்டது, விளிம்பு கொஞ்சம் கோணல். கசிவு இல்லாமல் இருக்க நாசிலுக்கு அடியில் போடுகிற செம்பு வாஷர்களைப் புதுசாக எடுத்து அதில் வைத்துக்கொள்வார். பழைய வாஷரைத் தூக்கி எறிந்துவிட்டு, சாஸரில் உள்ளதைப் போட வேண்டும். வேலை முடிந்தால் சாஸர் காலியாக இருக்க வேண்டும்... அவ்வளவுதான் அவர் கணக்கு.

எனக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை திட்டக்குடி. திங்கட்கிழமை முகூர்த்தம், ஞாயிற்றுக்கிழமை பெண்ணழைப்பு. அதற்காகவே அப்பா சனிக்கிழமை அண்ணனிடம் காரை விட்டு நாசில் எல்லாம் கழுவி வாங்கினார். கார் வெண்ணெய் மாதிரி ஓடியது.

ஞாயிறு சாயங்காலம் நாலரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். அதற்குள் மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதித்தாக வேண்டும். அழைக்க வந்த நாத்தனார் என் பக்கத்தில் உட்கார்ந்து அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

கருவேப்பிலங்குறிச்சியில் என் தாய்மாமனை ஏற்றிக்கொள்ள நின்றோம். பின்னாலேயே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. அண்ணன் குதித்து இறங்கினார். இடுப்பில் ஸ்பேனர், கையில் அந்த சாஸர்... அதில் ஒரே ஒரு செம்பு வாஷர்.

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து, மத்தியானம் மறந்துபோன சாவியை எடுக்கக் கடைக்குப் போயிருக்கிறார். சாஸர் காலியாக இல்லை. எங்கள் வீட்டுக்கு ஓடினால் நாங்கள் கிளம்பியாகிவிட்டது. கிடைத்த லாரியில் ஏறிவிட்டார்.

"ஐயா, தப்பு என்னுது" என்றார் அப்பாவிடம், எல்லோர் முன்னாலும். "பழைய வாஷரு ஒண்ணு உள்ளயே ஒட்டிக்கிட்டு இருக்குது, எடுக்காம மாட்டிட்டேன். ஒரு மாசம் ஓடுனாலும் ஓடும்... பெண்ணாடம் தாண்டாம நின்னாலும் நின்னுடும். பொண்ணு போற வண்டிங்க. மாத்திக் குடுத்துடறேன்."

நாத்தனார் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பெண் வருகிற வண்டியை நடுவழியில் மறிப்பதா, இது நல்லதுக்கா என்று ஆரம்பித்துவிட்டார். எனக்கும் அண்ணன்மேல் அப்படி ஒரு கோபம். பட்டுப்புடவையோடு உள்ளே உட்கார்ந்து அழுதேன்.

அண்ணன் எதையும் காதில் வாங்கவில்லை. கைகால் கழுவத் தண்ணீர் கேட்டார். ரோட்டுப் புழுதி படாமல் நாசிலை வைக்க வெள்ளைத் துணி கேட்டார். மாமன் தோளில் கிடந்த புதுத் துண்டுதான் கிடைத்தது. அந்த டீசல் கறையை மாமன் சாகும்வரை சொல்லிக் காட்டினார்.

என்ஜின் சூடு. கை பொத்துப்போக, உள்ளே ஒட்டியிருந்த பழைய வாஷரை நோண்டி எடுத்து, புதுசைப் போட்டு மாட்டினார். காலி சாஸரை அப்பாவிடம் நீட்டிக் காட்டினார். அப்பா அவர் தோளைத் தட்டினார்.

ராகுகாலத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டோம். இறங்கியதும் நாத்தனார் ஒன்றுவிடாமல் மாமனாரிடம் ஒப்பித்தார். என்ன ஆகுமோ என்று நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

மாமனார் கல்யாண வேலையைப் பார்க்கப் போய்விட்டார். மூன்றாம் நாள்தான் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "அந்த மெக்கானிக்கு கடை விருத்தாசலத்துல எங்கம்மா இருக்குது?"

மறுவாரமே எங்கள் டிராக்டர் நாசில்கள் பஸ் ஏறி அண்ணனிடம் போயின. டிராக்டரை விற்கும்வரை வேறு ஆள் கையில் கொடுக்கவில்லை.

அதற்கப்புறம் வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போதெல்லாம் அண்ணன் சாஸரைத் தூக்கிக் காட்டுவாராம். "காலி, பாத்துக்கோங்க." பார்த்துத் தலையாட்டினால்தான் சாவி.

அன்றைக்கு அவர் பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இத்தனை வருஷமாக அதை நினைத்தால் எனக்கு மலைப்பாகத்தான் இருக்கிறது.

கடையை மூடின பிறகு அந்த சாஸர் வீட்டுக்கு வந்துவிட்டதாம். அதில்தான் அந்தந்த வேளை மாத்திரைகளை எடுத்து வைத்துக்கொள்வாராம். ஸ்டெல்லா சொல்லிச் சொல்லி அழுதாள்.

"நேத்து ராத்திரியும் அந்த வேளை மாத்திரையப் போட்டுட்டு, சாஸர என்கிட்ட தூக்கிக் காட்டுனாருக்கா. காலி, பாத்துக்கன்னாரு. அப்புறம்தான் படுத்தாரு."

பார்த்துட்டோம் அண்ணே... காலிதான்.

போயிட்டு வாங்க.