தொடையில் கை ஊன்றி எழுபவன்

டயர் கடையில் என் அண்ணனைப் பயில்வான் என்றுதான் கூப்பிடுவார்கள். கெண்டைக்கால் இரண்டும் அப்படிப் புடைத்திருக்கும். அது பலம் இல்லை, தசை செத்த இடத்தில் கொழுப்பு என்று டாக்டர் சொன்னது எங்கள் வீட்டைத் தாண்டவில்லை. இதயமும் தசைதானே. பெரியண்ணனை இந்தத் தசைநோய் பத்தொன்பது வயதில், உட்கார்ந்த இடத்திலேயே கொன்றது. அதே நோய் இவனுக்கும் இருந்ததால், துடிப்பு தறிகெட்டால் அதிர்ச்சி கொடுத்துச் சரியாக்கும் கருவி ஒன்றை நெஞ்சுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்தார்கள்.

"கடையில மூச்சு விடாதே. தெரிஞ்சா சீட்டு கிழிஞ்சிடும்," என்றான். நானும் அங்கேதான் காற்றுப் பிடிக்கிறேன்.

அவனால் சட்டென்று எழ முடியாது. முழங்காலில், பிறகு தொடையில், கையை மாற்றி மாற்றி ஊன்றித்தான் எழுவான்.

அன்று, ஒட்டுப்போட்ட டியூப் மறுபடி வெடித்ததென்று ஒரு லாரி டிரைவர் கத்திக்கொண்டு வந்தார். பதில் சொல்ல அண்ணன் எழுந்தான். கைகள் தொடையில் பட்பட்டென்று ஏறின.

"என்கிட்டயே தொடை தட்டுறியாடா?"

முதல் குத்திலேயே அண்ணனின் புருவம் கிழிந்தது. அவன் நெம்புகம்பியால் அவர் தோளில் ஒன்று போட்டான். அவர் அவனைச் சுவரில் மோதி, கழுத்தைப் பிடித்தார். திடீரென்று அண்ணனின் உடம்பு தூக்கிப்போட்டது. அலறிக்கொண்டு விழுந்தான்.

"ஐயோ, நான் லேசாத்தான்பா பிடிச்சேன்!"

"கொன்னுட்டான்டா!" என்று முதலாளியும் மற்றவர்களும் அவர்மேல் பாய்ந்தார்கள். சம்மட்டிப் பிடி முதுகில் இறங்கியது. ஒரு பல் தெறித்துத் தரையில் உருண்டது. முதலாளி ஸ்பேனரை அவர் தலைக்கு மேல் ஓங்கினார்.

"விடுங்க மொதலாளி!" அண்ணன் படுத்தபடியே சட்டையைப் பிய்த்தான். தோலுக்கடியில் தீப்பெட்டி அளவுக்கு மேடு, மேலே தழும்பு. "என்னைத் தூக்கிப்போட்டது அவர் இல்ல. இதுதான். நெஞ்சு நின்னுடாம இருக்க வச்சது."

ஸ்பேனர் மெல்லக் கீழே வந்தது. முதலாளி குனிந்து அந்த மேட்டைப் பார்த்தார். "இதை வச்சுக்கிட்டாடா சம்மட்டி தூக்கினே? பயில்வானாம் பயில்வான்! நாளைக்கு நீ இங்க செத்தா கம்பி எண்ணுறது யாரு? இனி வராதே."

அண்ணன் தொடையில் கையை ஊன்றினான். பாதியில் வழுக்கியது. வாயில் ரத்தம் ஒழுக, டிரைவர்தான் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்.

"முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லடா?"

"சொல்லியிருந்தா அடிச்சிருக்க மாட்டீங்களா அண்ணே?"

"கன்னத்தோட நிறுத்தியிருப்பேன்." ரத்தத்தைத் துப்பினார். "எனக்குப் பல்லு போச்சு, உனக்கு வேலை போச்சு. ஏறு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

லாரிப் படியில் அவனால் ஏற முடியவில்லை. காற்றுக் குழாயைப் போட்டுவிட்டு ஓடிப்போய், பின்னாலிருந்து தள்ளி ஏற்றினேன். நானும் ஏறிக்கொண்டேன்.